இளம் கொம்பனைச் சுடுவதா, விடுவதா? பென்சில்வேனியா காட்டில் கற்றவை

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநில நடுப்பகுதியில், நீண்ட மலைத்தொடர்களுக்கு இடையே நாங்கள் குடியிருக்கும் சிற்றூரில், அரசியல் பேசிப் பிரிந்த நண்பர்களை நான் பார்த்ததில்லை. மானைப் பற்றிப் பேசிப் பிரிந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். முதல் கொம்பு முளைத்த ஆண்மான் எதிரே வந்து நின்றால் சுடுவதா, வளரட்டும் என்று விடுவதா என்பதுதான் வழக்கு. நவம்பர் கடைசியில் வரும் தேங்க்ஸ்கிவிங் பண்டிகை முடிந்த சனிக்கிழமை துப்பாக்கிப் பருவம் தொடங்குகிறது. முந்தின இரவு எந்த வேட்டைக் குடிலுக்குள் நுழைந்தாலும் விறகடுப்பைச் சுற்றி இந்தப் பேச்சுதான். 2019-க்கு முன்பு திங்கட்கிழமைதான் தொடக்க நாள்; மான் வேட்டைக்காகப் பள்ளிகளே விடுமுறை விட்ட மாநிலம் இது. இப்படிப்பட்ட ஊரில் மானைப் பற்றி ஒரு கருத்தும் இல்லாமல் இருப்பது மரியாதைக் குறைவு.

தமிழில் இதை எழுதும்போது ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இந்தியாவில் 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு மான் வேட்டை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். அது இருக்க வேண்டிய சட்டம்தான். ஊரில் இருக்கும் உறவினர்களிடம் நான் மான் சுடுகிறேன் என்றால் இன்றும் தொலைபேசியில் சிறிது நேரம் பேச்சு நின்றுவிடுகிறது. இங்கே நிலைமை வேறு. ஓநாயும் மலைச்சிங்கமும் பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிவதற்குள் பெரும்பாலும் துடைத்தெறியப்பட்ட காடு இது. கரடியும், கொயோட்டி என்ற சிறிய ஓநாய் போன்ற விலங்கும் குட்டிகளைப் பிடிக்கின்றன. வளர்ந்த மானைக் குறைப்பவை துப்பாக்கியும் காரும்தான். ஆண்டுக்கு நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட மான்கள் இந்த ஒரு மாநிலத்தில் உரிமத்தோடு சுடப்படுகின்றன. அப்படியும் எங்கள் வீட்டுத் தோட்டத்தில் செம்பருத்தி வைத்தால் மறுநாள் காலையில் குச்சி மட்டுமே நிற்கிறது.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒன்றரை வயது ஆண்மானை நான் பெரும்பாலும் விட்டுவிடுகிறேன். சுவரில் பெரிய கொம்பு மாட்டும் ஆசை எனக்குக் குறைவு. அதற்கான சுவரை என் மனைவியும் தரமாட்டாள். ஆண்மான்கள் பல வயதிலும் கலந்து இருக்கும் காடு நல்ல காடு என்று நினைப்பதால் விடுகிறேன். ஆனால் பெண்மானுக்கான உரிமத்தை வாங்காமல், இளம் ஆண்மானை விட்டதை மட்டும் பெருமையாகச் சொல்பவரிடம் நான் காது கொடுப்பதில்லை. அவர் வேலையில் சுலபமான பாதியை மட்டும் செய்துவிட்டு முழுக்கூலி கேட்கிறார்.

கொம்பு எப்படி வளர்கிறது என்று தெரியாமல் இந்த விவாதத்தில் இறங்கினால் வெறும் சத்தம்தான் மிஞ்சும். வெள்ளைவால் மானின் குட்டிகள் பெரும்பாலும் மே கடைசியிலும் ஜூனிலும் பிறக்கின்றன. ஆண்குட்டிக்கு அந்த இலையுதிர் காலத்தில் தலைத்தோலுக்கு அடியில் பொத்தான் அளவுக்கு இரண்டு புடைப்புகள் மட்டுமே இருக்கும். அடுத்த கோடையில் முதல் கொம்பு எழும்பும். ஆகஸ்ட் கடைசி, செப்டம்பர் வாக்கில் மேலிருக்கும் மென்தோல் உரிந்து வெறும் எலும்பு தெரியும். குளிர்காலத்தில் கொம்பு உதிர்ந்துவிடும். வசந்தத்தில் புதிதாக முளைக்கும். ஒன்றரை வயதில் தின்பதெல்லாம் உடம்பு வளரவே சரியாகப் போகிறது. மிச்சம் மீதிதான் கொம்புக்கு. ஆகவே முதல் கொம்பு அந்த மான் தன் உச்சத்தில் சுமக்கப்போவதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். ஐந்து, ஆறு வயதில்தான் உச்சம் வருகிறது. இரண்டரை, மூன்றரையில் ஏற்றம் மிக வேகமாக இருக்கும். ஒரே ஓர் ஆண்டு விட்டுவைத்தாலே வித்தியாசம் கண்ணுக்குத் தெரிவது அதனால்தான்.

இங்கே ஒரு பழைய மூடநம்பிக்கையையும் தொட்டுவிடுகிறேன். பக்கத்துக்கு ஒன்றாக, கிளையே இல்லாமல் ஈட்டிபோல் ஒற்றைக் கொம்பு முளைத்த ஒன்றரை வயது மானைப் பார்த்தால், இது மோசமான பரம்பரை, தீர்த்துவிடு என்பார்கள். டெக்சாஸில் கெர் வனவிலங்குப் பகுதியில் அடைப்புக்குள் வளர்த்த மான்களை வைத்து நடந்த ஆய்வுகள் இந்த எண்ணத்துக்குத் தீனி போட்டன. பின்னர் தெற்கு டெக்சாஸில் திறந்த வெளியில் திரியும் மான்களை அடையாளமிட்டு ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்தபோது கதை மாறியது. முதல் கொம்பை வைத்து, முதிர்ந்த வயதில் அந்த மான் எப்படி இருக்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அங்கேயே உள்ள கமான்சி பண்ணையில் சிறிய கொம்பு உள்ளவற்றைத் தீவிரமாகக் களையெடுத்துப் பார்த்தார்கள். கொம்பு பெரிதாகவில்லை, மான்தான் குறைந்தது. தாமதமாகப் பிறந்த குட்டி, மெலிந்த தாய், வறண்ட கோடை, இவற்றில் எது வேண்டுமானாலும் ஒற்றைக் கொம்புக்குக் காரணமாக இருக்கலாம். ஒற்றைக் கொம்பனைச் சுட விரும்பினால், சட்டம் அனுமதித்தால், கறிக்காகச் சுடுங்கள். பரம்பரையைத் திருத்துகிறேன் என்று சொல்ல வேண்டாம்.

எங்கள் மாநிலத்தில் 2002 வரை மூன்று அங்குலம் நீளக் கொம்பு இருந்தால் போதும், ஆண்மானைச் சுடலாம். அந்தக் காலத்தில் சுடப்பட்ட ஆண்மான்களில் பத்தில் எட்டு ஒன்றரை வயதுக்காரன்கள். ஆண்மான் என்றாலே சிறுவன் என்ற நிலை. 1999-இல் மான் மேலாண்மைப் பொறுப்புக்கு வந்தவர் கேரி ஆல்ட். அதற்கு முன் கரடி ஆராய்ச்சியால் மாநிலம் முழுவதும் பெயர் பெற்றவர். ஊர் ஊராகப் போய்ப் படம் காட்டிப் பேசினார். அவர் கேட்டவை இரண்டு: பெண்மான்களை அதிகம் சுடுங்கள், இளம் ஆண்மான்களை விடுங்கள். இரண்டாவதை மக்கள் முணுமுணுத்துக்கொண்டே ஏற்றார்கள். முதலாவதற்காக அவரைத் திட்டித் தீர்த்தார்கள். 2004 கடைசியில் அவர் பதவியை விட்டுப் போனார். கொம்பு விதி நிலைத்தது. இன்று மாநிலத்தின் பெரும்பகுதியில் ஒரு பக்கக் கொம்பில் குறைந்தது மூன்று முனைகள் வேண்டும். மேற்குப் பகுதியில் முதலில் நான்கு முனை என்று இருந்தது. 2011-இல் நெற்றிக்கிளையைக் கணக்கில் சேர்க்காமல் மூன்று என்று மாற்றினார்கள். ஓர் அங்குலமாவது நீளம் இருந்தால்தான் அது முனை. விளைவு, இப்போது சுடப்படும் ஆண்மான்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு அருகில் இரண்டரை வயதும் அதற்கு மேலும்.

இதைச் சொன்னதும், பிறகென்ன, சட்டமே விடச் சொல்லிவிட்டது, நாம் யோசிக்க என்ன இருக்கிறது என்று தோன்றும். சிக்கலே அங்கேதான். விதி எண்ணுவது முனையை, வயதை அல்ல. நல்ல சோளக்காட்டு ஓரத்தில் வளர்ந்த ஒன்றரை வயது மானுக்கு இரு பக்கமும் சேர்த்து ஆறு முனை, எட்டு முனைகூட வந்துவிடும். அது சட்டப்படி சுடத்தக்கது. அதே வயதில் மெலிந்த ஒற்றைக் கொம்பனுக்குச் சட்டமே காவல். அதாவது இளசுகளில் தேறியவற்றை எடுத்துக்கொண்டு தேறாதவற்றை விட்டுவைக்கிறோம். மிசிசிப்பி மாநிலம் 1995-இல் மொத்தம் நான்கு முனை என்று விதி போட்டது. சில ஆண்டுகளில் அங்கே சில பகுதிகளில் வளர்ந்த மான்களின் கொம்பு முன்பைவிடச் சிறுத்திருப்பதை ஆராய்ச்சியாளர்கள் கண்டார்கள். இளமையிலேயே பெரிய கொம்பு முளைத்தவை வயதாகும் முன்பே போய்விட்டதே காரணம். 2009-இல் அவர்கள் முனை எண்ணுவதை விட்டுக் கொம்பின் அகலத்துக்கும் தண்டு நீளத்துக்கும் மாறினார்கள். டெக்சாஸ் 2002-இல் ஆறு மாவட்டங்களில் தொடங்கிய விதியும் அகலத்தைத்தான் பார்க்கிறது: உள் அகலம் 13 அங்குலம். காதை விறைத்து நிற்கும் மானின் இரு காது நுனிகளுக்கும் இடையே ஏறத்தாழ அவ்வளவுதான் தூரம்; ஆகவே அளவுகோல் மானின் தலையிலேயே இருக்கிறது. ஒற்றைக் கொம்பு உள்ளதையும் அங்கே சுடலாம். எங்கள் விதியைவிட அது புத்திசாலித்தனமானது என்பது என் எண்ணம்.

ஆகவே இங்கே உண்மையான கேள்வி, சட்டம் அனுமதிக்கும் ஆறு முனை ஒன்றரை வயதுக்காரனை என்ன செய்வது என்பதே. ஓர் உரிமத்துக்கு ஆண்டுக்குக் கொம்புள்ள மான் ஒன்றுதான். விட்டால் அந்த ஆண்டு வேறு வராமலே போகலாம். விடுவதற்கு விலை உண்டு; அது தெரிந்தே விட வேண்டும்.

அதற்கு முதலில் வயதைக் கண்டுபிடிக்கத் தெரிய வேண்டும். எல்லோருக்கும் கண் கொம்புக்குத்தான் போகிறது. நான் பழகிக்கொண்டது, கொம்பைக் கடைசியாகப் பார்ப்பது. மரப்பரணில் உட்கார்ந்திருக்கும்போது அறுபது கெஜத்தில் ஒரு மான் பக்கவாட்டில் நின்றால், முதலில் கழுத்து நெஞ்சோடு சேரும் இடத்தைப் பார்க்கிறேன். ஒன்றரை வயதில் கழுத்து ஒல்லியாக இருக்கும். நவம்பர் இணைசேரும் பருவத்திலும் பெரிதாகப் பருக்காது. கால்கள் உடம்புக்குப் பொருந்தாத நீளம். முதுகும் வயிறும் நேர்கோடு. கொம்பைக் கையால் மறைத்துப் பார்த்தால் பெண்மான் என்றே சொல்வீர்கள். இரண்டரையில் தோள் கொஞ்சம் நிறையும். இடுப்பு இன்னும் ஒட்டியே இருக்கும். இந்த வயதுதான் ஆளை ஏமாற்றுவது. கொம்பு பெரிதாகத் தெரியும், உடம்பு பையனுடையதாக இருக்கும். மூன்றரையில் நெஞ்சு ஆழமாகி, கழுத்து தடித்து, ஆனாலும் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே ஒரு பிரிவு தெரியும்; பந்தயக் குதிரையின் உடற்கட்டு. நாலரைக்கு மேல் அந்தப் பிரிவு மறைந்து கழுத்து நேரே மார்பில் இறங்கும். வயிறு சற்றுத் தொங்க ஆரம்பிக்கும். நெஞ்சும் வயிறும் பெருத்ததால் கால்கள் குட்டையாகத் தெரியும். பின்னங்கால் மடிப்பின் உட்புறச் சுரப்பி மயிரும் ஒரு துப்பு. பருவ உச்சத்தில் முதிர்ந்த மானுக்கு அது கரிய நிறத்தில் கீழே வழிந்திருக்கும்; இளசுக்கு வெளிர் பழுப்பு.

நடத்தையும் காட்டிக்கொடுக்கும். ஒன்றரை வயதுக்காரன் பட்டப்பகலில் வெட்டவெளியில் நடந்து வருவான். பெண்மானைத் துரத்துவான், அது திரும்பி முறைத்தால் ஓடுவான், மறுபடி வருவான். காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்ற கவலையே இருக்காது. ஒரு நவம்பர் காலையில் என் பரணுக்கு நேர் கீழே வந்து நின்ற ஒருவன், நான் ஏறிவந்த ஏணியின் முதல் படியை நக்கிப் பார்த்துவிட்டுப் போனான். ஆறு முனை. மூச்சு விட்டால் ஆவி கொம்பில் படிவது தெரியும் அளவுக்கு அருகில். இவனைச் சுடுவதில் என்ன வேட்டை இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. அதே மானைப் பார்த்துக் கை நடுங்கும் புதிய வேட்டைக்காரருக்கு வேட்டை முழுவதும் அந்தக் கணத்தில்தான் இருக்கிறது என்பதும் எனக்குத் தெரியும்.

ஒரு கண்டிப்பு: பார்ப்பதற்குப் பைனாகுலர், சுடுவதற்குத்தான் ரைபிள் தொலைநோக்கி. புதருக்குப் பின்னால் அசைவது என்ன என்று துப்பாக்கியை நீட்டித் தேடுபவர் அருகில் நான் உட்காரமாட்டேன். அங்கே இருப்பது வேட்டைக்காரர் அணியும் ஆரஞ்சு உடுப்பு நழுவிய ஒரு மனிதராக இருக்கலாம். சூரிய உதயத்துக்கு அரை மணி முன்பிலிருந்து அத்தமனத்துக்கு அரை மணி பின்புவரை சுட அனுமதி உண்டு. ஆனால் அந்த இரு முனை மங்கல் வெளிச்சத்திலும் மூன்று முனைகளை நிச்சயமாக எண்ண முடிவது அபூர்வம். எண்ண முடியவில்லை என்றால் அங்கே கேள்வியே இல்லை. இன்னொன்று, எந்த வயது மானைச் சுடுவேன் என்பதைப் பருவம் தொடங்கும் முன் வீட்டில் உட்கார்ந்து முடிவு செய்துகொள்ளுங்கள். மான் எதிரே நிற்கும்போது நெஞ்சு அடித்துக்கொள்ளும். அப்போது எடுக்கும் முடிவு மூளையிலிருந்து வருவதில்லை.

இளம் ஆண்மானைக் காப்பாற்றுகிறோம் என்பவர்கள் அதிகம் கொல்லும் இளம் ஆண்மான் எது தெரியுமா? பொத்தான் தலைக் குட்டி. சட்டப்படி அது கொம்பில்லாத மான். பெண்மான் உரிமத்தில் சுடப்பட்டுவிடும். தனியாக நிற்கும்போது வளர்ந்த பெண்மான்போலவே தெரியும். சில அடையாளங்கள் உண்டு. வளர்ந்த பெண்மானுக்கு முகம் நீளம், காதுகளுக்கு நடுவே தலை உருண்டை. குட்டிக்கு முகம் குட்டை, காது பெரிது, உடம்பு சதுரம். ஆண்குட்டிக்குத் தலையுச்சி தட்டை. தனியாக, அச்சமில்லாமல் முதலில் வெளியே வரும் சிறிய மான் ஆண்குட்டியாக இருக்கவே வாய்ப்பு அதிகம். இரண்டு மூன்று சேர்ந்து வரும்வரை காத்திருந்து, அளவை ஒப்பிட்டுப் பெரியதைத் தேர்ந்தால் இந்தச் சிக்கல் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

கண்ணால் கணித்தது சரியா என்று அறியத் தாடை இருக்கிறது. சுட்ட ஒவ்வொரு மானின் கீழ்த்தாடையையும் கழற்றிக் கழுவி, வயதையும் இடத்தையும் எழுதி வைக்கும் வழக்கத்தைப் பக்கத்துப் பண்ணைக்காரரிடமிருந்து பிடித்துக்கொண்டேன். ஓய்வுபெற்ற பள்ளிப் பேருந்து ஓட்டுநர் அவர். எனக்கு மான் கற்றுக்கொடுத்தவரும் அவர்தான். பார்க்க வேண்டியது கன்னத்துப் பற்களில் முன்னாலிருந்து மூன்றாவது. அது மூன்று மேடுகளோடு தேய்ந்திருந்தால் பால்பல். மான் ஒன்றரை வயது அல்லது அதற்கும் கீழ். இரண்டு மேடுகளோடு, கறை படியாத வெள்ளையாக, ஈறிலிருந்து பாதி எழுந்து நின்றால் அதுவும் ஒன்றரைதான், பல் மாறிக்கொண்டிருக்கிறது. இரண்டு மேடுகளும் பழுப்பேறி மற்றப் பற்களோடு சமமாகிவிட்டால் இரண்டரையோ அதற்கு மேலோ. அதற்கப்பால் தேய்மானத்தை வைத்துச் சொல்வதெல்லாம் ஊகம். துல்லியம் வேண்டுமானால் முன்பல்லை ஆய்வகத்துக்கு அனுப்பலாம். வேரை மெல்லிசாக வெட்டி, மரத்தண்டில் எண்ணுவதுபோல் ஆண்டு வளையங்களை எண்ணுவார்கள். என் கூடத்தில் கொம்பைவிடத் தாடைதான் அதிகம். விருந்தினர்கள் ஒருமாதிரி பார்க்கிறார்கள்.

விட்ட மான் நமக்கு வருமா என்பது அடுத்த கவலை. நீ விடுவாய், வேலிக்கு அந்தப் பக்கம் இருப்பவன் சுடுவான் என்பார்கள். பாதி உண்மை. இளம் ஆண்மான்களில் பாதிக்கும் மேல் பிறந்த இடத்தை விட்டுச் சில மைல்கள் தள்ளிப் போய்விடுகின்றன. பென்சில்வேனியாவில் கழுத்துப்பட்டை மாட்டிப் பின்தொடர்ந்து இதை நன்றாகவே அளந்திருக்கிறார்கள். ஒரு வயதாகும் வசந்தத்தில் தாய் அடுத்த குட்டிக்காக விரட்டும்போது ஒரு கூட்டம் கிளம்புகிறது; அடுத்த இலையுதிர் காலத்தில் இன்னொரு கூட்டம். ஆனால் போன இடத்தில் தங்கிய பிறகு பெரும்பாலும் அங்கேயே நிலைத்துவிடுகின்றன. இதைப் பலரும் கவனிப்பதில்லை. நவம்பர் கடைசியில் என் பரணுக்குக் கீழே நிற்கும் ஒன்றரை வயதுக்காரன் பெரும்பாலும் தன் பயணத்தை முடித்துவிட்டவன். வேறு யாரோ ஒருவரின் நிலத்தில் பிறந்து இங்கே குடியேறியவன். அவனை விட்டால் அடுத்த ஆண்டு அவன் அக்கம்பக்கத்திலேயே இருக்க நல்ல வாய்ப்பு உண்டு.

அக்கம்பக்கம் என்பதன் அளவைத்தான் புரிந்துகொள்ள வேண்டும். எங்களிடம் இருப்பது நாற்பது ஏக்கர் சொச்சம். வளர்ந்த ஆண்மானின் நடமாட்டம் ஒரு சதுர மைல் என்று வைத்தாலே 640 ஏக்கர் ஆகிறது. என் நிலத்தில் மான் வளர்க்கிறேன் என்று நான் சொன்னால் அது வெட்டிப் பேச்சு. அதனால்தான் தனி ஆளின் விரதத்தைவிட அண்டை அயலாரின் பேச்சுவார்த்தைக்கு மதிப்பு அதிகம். அப்படியும் விட்டதில் பாதிதான் கிடைக்கும் என்று எண்ணிக்கொள்வது நல்லது. சாலையில் கார் அடிக்கும். ஒன்றோடொன்று மோதிய காயத்தில் செத்துப்போகும். அந்தப் பக்கத்துக்காரரும் சுடத்தான் செய்வார், அது அவர் உரிமை.

இளம் ஆண்மானை விட்டால் பெண்மான்கள் சரியான நேரத்தில் கருத்தரிக்கும், பெரியவை மட்டுமே இனம் பெருக்கும் என்றெல்லாம் சொல்பவர்கள் உண்டு. இங்கே சாலையில் அடிபட்ட பெண்மான்களின் கருவை அளந்து பார்த்ததில், கொம்பு விதிக்கு முன்னும் பின்னும் கருத்தரிக்கும் காலம் நவம்பர் நடுப்பகுதியாகவே இருக்கிறது. மரபணுச் சோதனையிலும், பெரிய மான்கள் இருக்கும் காட்டில்கூட இளசுகள் கணிசமான குட்டிகளுக்குத் தந்தையாகின்றன. இனம் காக்க விடுகிறேன் என்பது பெரிய வார்த்தை. விடுவதால் முதிர்ந்த ஆண்மான்கள் கூடும், அவ்வளவுதான். அதுவே எனக்குப் போதும்.

பெண்மானுக்கு வருகிறேன். வடக்கு மாவட்டங்களின் அரசுக் காடுகளில் நடந்தால் எட்டடிக் கம்பிவேலி போட்ட அடைப்புகளைப் பார்க்கலாம். மரம் வெட்டிய பிறகு கன்று எழும்புவதற்காக மான் நுழையாமல் போட்ட வேலி. உள்ளே ஓக், மேப்பிள், செர்ரி கன்றுகள் ஆள் நுழைய முடியாமல் அடர்ந்திருக்கும். வெளியே ஒரே பெரணி, வைக்கோல் மணம் வீசும் அந்த ஒரே ஜாதிப் பெரணி, கண்ணுக்கெட்டிய தூரம் முழங்கால் உயரத்துக்கு. மான் அதைத் தின்பதில்லை. மற்ற எல்லாவற்றையும் தின்றுவிட்டது. அந்த வேலியின் இரு பக்கத்தையும் ஒருமுறை பார்த்தவருக்கு ஆண்மானின் கொம்பு இரண்டாம் பிரச்சினை ஆகிவிடும். தீனி இல்லாத காட்டில் ஆண்மானுக்கு வயது மட்டும் கூடும், கொம்பு கூடாது. ஆகவே எங்கள் வீட்டில் வரிசை இதுதான்: முதலில் பெண்மான் உரிமம், பிறகுதான் ஆண்மான் பேச்சு. அந்த உரிமத்துக்கு முன்பெல்லாம் இளஞ்சிவப்பு உறையில் காசோலை வைத்து மாவட்டக் கருவூலத்துக்கு அஞ்சல் அனுப்ப வேண்டும். 2023-இலிருந்து இணையத்திலேயே வாங்கலாம். கறி மிஞ்சினால் ஏழைகளுக்கு மான் கறி சேர்க்கும் ‘ஹன்டர்ஸ் ஷேரிங் த ஹார்வெஸ்ட்’ திட்டம் 1991-இலிருந்து நடக்கிறது. பெண்மானைச் சுடாமல் இருக்க எனக்குத் தெரிந்து நல்ல சாக்கு எதுவும் மிச்சமில்லை.

என் எண்ணத்தை அண்மைக் காலத்தில் அசைத்தது ஒரு நோய். மானின் மூளையை அரிக்கும் நாட்பட்ட மெலிவு நோய். கிருமி அல்ல, உருக்குலைந்த ஒரு வகைப் புரதம் காரணம். 1967-இல் கொலராடோவில் அடைப்பில் வளர்த்த மான்களில் முதலில் காணப்பட்டது. பென்சில்வேனியாவில் 2012-இல் பண்ணை மானில் பிடிபட்டது. அந்தப் பருவத்தில் பிளேர், பெட்ஃபோர்ட் மாவட்டங்களில் சுடப்பட்ட காட்டு மான்களிலும் இருந்தது அடுத்த ஆண்டு தெரியவந்தது. இந்த நோய் பெண்மானைவிட வளர்ந்த ஆண்மானில் அதிகம். வயது கூடக் கூட வாய்ப்பும் கூடுகிறது. ஊரெல்லாம் சுற்றுவதும் அவைதான். அதாவது நோய்ப் பகுதியில் ஆண்மான்களை முதிரவிடுவது நோயை முதிரவிடுவதாகவும் ஆகலாம். மிசௌரி மாநிலம் இந்தக் காரணத்துக்காகவே நோய் கண்ட மாவட்டங்களில் கொம்பு விதியை நீக்கிவிட்டது. நான் அந்தப் பகுதிக்குள் நண்பர்களோடு வேட்டைக்குப் போகும்போது என் வழக்கத்தை மூட்டை கட்டி வைத்துவிடுகிறேன். சட்டம் அனுமதிக்கும் முதல் மானே என் மான். தலையை அங்கே வைத்திருக்கும் சேகரிப்புத் தொட்டியில் போட்டுச் சோதனைக்கு அனுப்புகிறேன். முடிவு வரும்வரை கறி உறைபெட்டியை விட்டு வெளியே வராது. மனிதருக்குத் தொற்றியதாக இதுவரை உறுதியாகவில்லை. ஆனாலும் நோய் உறுதியான மானைத் தின்ன வேண்டாம் என்பதே சுகாதாரத் துறையின் அறிவுரை. மூளை, முதுகெலும்பு போன்ற பாகங்களை நோய்ப் பகுதிக்கு வெளியே கொண்டுபோகக் கூடாது என்று விதியும் உண்டு.

இனி என் மகள் விஷயம். பன்னிரண்டு முதல் பதினாறு வயதுவரை இளையோர் உரிமம். அவர்களுக்கு மூன்று முனை விதி கிடையாது. பழைய மூன்று அங்குலக் கொம்பே போதும். அவள் பயிற்சி வகுப்பு முடித்து, முதல் பருவத்தில் என்னோடு பரணில் உட்கார்ந்திருந்தபோது, ஓடைக்கு அப்பால் ஒரு ஒற்றைக் கொம்பன் வந்தான். சுமார் எழுபது கெஜம். நன்றாகப் பக்கவாட்டில் நின்றான்.

“அப்பா, இது சின்னது இல்லையா? நீங்கள் இதையெல்லாம் விட்டுவிடுவீர்களே?” என்று கிசுகிசுத்தாள்.

“நான் விடுவேன். இது உன் உரிமம். பின்னால் குண்டைத் தாங்க மண்மேடு இருக்கிறதா பார். இருந்தால், உனக்கு வேண்டுமென்றால், சுடு.”

சுட்டாள். அறுபது கெஜம்கூட ஓடவில்லை. மானின் காதில் உரிம அட்டையைக் கட்டும்போது அவள் கை நடுங்கியது, எனக்கும்தான். அன்று மாலை குடிலில் ஒரு நண்பர், இன்னும் இரண்டு ஆண்டு விட்டிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று ஆரம்பித்தார். ‘விடு, வளரட்டும்’ என்று வண்டிப் பின்பக்கத்தில் ஒட்டி வைத்திருப்பவர், நல்ல மனிதர்தான். பேருந்து ஓட்டுநர்தான் அவரை அடக்கினார். “அந்த மான் வளராவிட்டால் பரவாயில்லை. அந்தப் பெண் அடுத்த வருஷம் காட்டுக்கு வராவிட்டால்தான் நட்டம்” என்றார். வேட்டைக்காரர் எண்ணிக்கை குறைந்துகொண்டே வரும் மாநிலத்தில் இது வெறும் ஆறுதல் வார்த்தை அல்ல. உரிமக் கட்டணம் வனவிலங்குத் துறையின் முக்கிய வருவாய்களில் ஒன்று. பிறர் சட்டப்படி சுட்ட மானின் கொம்பை அளந்து முகம் சுளிக்கும் பழக்கம் இந்த விட்டுவைக்கும் இயக்கத்தோடு ஒட்டிக்கொண்டு வந்த நோய். எனக்கு அது மெலிவு நோய்க்கு அடுத்தபடியாகப் பிடிக்காதது.

கறியைப் பற்றியும் ஒரு வார்த்தை. இளம் மானின் கறி மென்மை என்பது உண்மை. முதிர்ந்த ஆண்மான் கறி நாறும் என்பது பெரும்பாலும் கையாளத் தெரியாதவர்கள் கிளப்பிவிட்டது. சுட்டவுடன் குடலை எடுத்து, சீக்கிரம் குளிரவைத்து, நான்கு டிகிரி சுமாரில் சில நாள் தொங்கவிட்டு, கொழுப்பையும் வெள்ளைச் சவ்வையும் முழுவதும் நீக்கிவிட்டால் நாலரை வயது மானும் மிளகு வறுவலுக்கு வளைந்துகொடுக்கும். தொடைக்கறியைச் சின்ன வெங்காயத்தோடு மெதுவாக வேகவைத்து, கடைசியில் மிளகையும் சோம்பையும் இடித்துப் போடுவது எங்கள் வீட்டு வழக்கம். மான் கொழுப்பு நாக்கில் மெழுகாக ஒட்டும். நல்லெண்ணெய் தாராளமாக வேண்டும். உறைபெட்டி காலியாக இருக்கும் ஆண்டில், பருவத்தின் கடைசி சனிக்கிழமை, ஆறு முனை ஒன்றரை வயதுக்காரன் வந்து நின்றால் நானும் சுடுவேன். சுட்டும் இருக்கிறேன். அதற்காக யாரிடமும் விளக்கம் சொன்னதில்லை.

இப்போது எங்கள் ஓடையோரத்து நிலக்காரர்கள் சிலர் சேர்ந்து ஓர் ஏற்பாட்டில் இருக்கிறோம். எழுத்து எதுவும் இல்லை; ஆகஸ்ட் கடைசியில் ஒரு வீட்டு முற்றத்தில் சோளம் சுட்டுத் தின்றுகொண்டே பேசுவதுதான். பெரியவர்கள் ஒன்றரை வயதை விடுவது. பிள்ளைகளும் புதிதாக வருபவர்களும் சட்டப்படி எதையும் சுடலாம், அவர்களை யாரும் எதுவும் கேட்கக் கூடாது. ஒவ்வொரு வீட்டிலும் குறைந்தது ஒரு பெண்மான் அட்டை நிரம்ப வேண்டும். அடிபட்ட மான் எல்லை தாண்டினால் தேடிப்போக முன்கூட்டியே அனுமதி. எல்லாத் தாடைகளும் ஓட்டுநரின் கொட்டகைக்கு வர வேண்டும். ஒரே ஒரு குடும்பம் மட்டும் சேரவில்லை. மூன்று தலைமுறையாக முதல் நாள் முதல் கொம்பனைச் சுடுபவர்கள் அவர்கள். அதை மாற்றிக்கொள்ள மாட்டோம் என்று நேராகவே சொல்லிவிட்டார்கள். ஆனால் தாடையை மட்டும் மறக்காமல் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். போன பருவத்தில் அவர்கள் கொண்டுவந்த ஒன்றில் மூன்றாவது பல் இரண்டு மேடாக, நன்றாகப் பழுப்பேறி இருந்தது. யார் விட்டதோ, தெரியாது.